கல்விக் கடனும் கணக்கு மீதியும்



கடன் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. கடமை என்பது ஒன்று. திருப்பிக் கொடுக்க வேண்டிய பொருள் என்பது மற்றொன்று. மக்களைப் படிப்பித்தல் பெற்றோர் கடன் என்னும்போது முதற்பொருளைக் கொள்கிறோம். அக்கடனைத் தீர்ப்பதற்காக வங்கிக்குச் சென்று கையொப்பமிடும்போது இரண்டாம் பொருள் வந்து சேருகின்றது. இவ்விரண்டு கடன்களும் ஒரே வீட்டிற் சந்திக்கும்போது எழும் சில சந்தேகங்களைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

பேச்சுக்கு நிலைக்களமாக மருதமுனையை எடுத்துக்கொள்வோம். அம்பாறை மாவட்டத்துக் கரையோரத்தில், கல்முனைக்கு வடக்கே, மட்டக்களப்புக்குச் செல்லும் பெருந்தெருவை அண்டி அமைந்த ஊர் அது. கைத்தறி நெசவுக்குப் பெயர் பெற்றது. புலமைக்கும் பெயர் பெற்றது. புலவர்மணி ஆ. மு. ஷரிபுத்தீன் அவர்கள் பிறந்த ஊர். 2004 ஆம் ஆண்டு டிசெம்பர் 26 ஆம் நாள் கடல் பொங்கி இவ்வூரின் கரையோரத்தை அழித்தபோது பல குடும்பங்கள் வீட்டோடு தறியையும் இழந்தன. அவ்வாறு இழந்தும் பிள்ளைகளின் படிப்பைக் கைவிடாத ஊர் இது என்பதைக் கிழக்கிலங்கையார் நன்கறிவர்.

இவ்வூரிலிருந்து உயர்தரப் பரீட்சை எழுதித் தேறும் பிள்ளைக்குத் திறந்திருக்கும் வழிகள் யாவை? அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தால் கல்விக்குக் கட்டணம் இல்லை. 1945 ஆம் ஆண்டு ஒக்டோபர் முதலாம் நாள் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியின் பயன் அது. ஒலுவிலிலே 1995 இற் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, அடுத்த ஆண்டிலேயே முழுப் பல்கலைக்கழகமாக உயர்ந்த தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இவ்வூருக்கு அண்மையில் இருக்கின்றது. கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று பேருந்திற் சென்று சேர்ந்துவிடலாம். வறிய மாணவருக்கு 1981 ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த மகாபொல நிதியம் மாதந்தோறும் உதவுகின்றது. நெடுங்காலம் 5,000 ரூபாவாக இருந்த அவ்வுதவி 2025 ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் 7,500 ரூபாவாக உயர்த்தப்பட்டது. இது கொடை, திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. இச்சொற்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் வேண்டியிருக்கும்.

ஆனால் பல்கலைக்கழகத்துக்குத் தகைமை பெறுவோரிற் பெரும்பாலோர்க்கு அங்கே இடம் கிடைப்பதில்லை. அவர்களுள் ஒரு பகுதியினருக்காகவே 2017 ஆம் ஆண்டில் அரசாங்கம் வட்டியில்லா மாணவர் கடன் திட்டத்தை ஏற்படுத்தியது. உயர்தரத்திற் சித்தியடைந்தும் அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகாத மாணவர், அரசாங்கத்தின் அங்கீகாரம் பெற்ற தனியார் உயர்கல்வி நிறுவனமொன்றிற் பட்டப்படிப்பைத் தொடரலாம். கட்டணத்தை வங்கி கடனாகத் தரும். கடனுக்குரிய வட்டியை அரசாங்கம் வங்கிக்குச் செலுத்தும். மாணவர் முதலை மட்டும் பின்னர் திருப்பிச் செலுத்த வேண்டும். இதுவே திட்டத்தின் சாரம். தொடக்கத்திற் கட்டணக் கடனின் உச்ச எல்லை 8 இலட்சம் ரூபாவாக இருந்தது. விரும்புவோர் வாழ்க்கைச் செலவுக்கென ஆண்டொன்றுக்கு 75,000 ரூபா வீதம், நான்காண்டுப் பட்டத்துக்கு 3 இலட்சம் ரூபா வரை மேலதிகமாகப் பெறலாம் என்றும் விதிக்கப்பட்டது. பின்வந்த ஆண்டுகளில் எல்லைகள் உயர்ந்துள்ளன. ஆகையால் விண்ணப்பிப்போர் தத்தம் ஆண்டுக்குரிய அறிவித்தலையே பார்த்தல் வேண்டும். அயல்வீட்டுப் பிள்ளை மூன்றாண்டுக்கு முன் பெற்ற தொகையை வைத்துக் கணக்கிடுதல் கூடாது.

திட்டத்தைச் சொல்வது எளிது. கடிதங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கியபின்னரே மயக்கமும் தொடங்குகின்றது. ஏனெனில், இக்கடனைப் பற்றி ஒரு கணக்கு அல்ல, இரண்டு கணக்குகள் எழுதப்படுகின்றன. மாணவர் பயிலும் நிறுவனத்திலே அவர் பெயரில் ஒரு கணக்கு உண்டு. அதிலே அரையாண்டுதோறும் கட்டணம் ஏற்றப்படும். பணம் வந்து சேரும்போது கழிக்கப்படும். வங்கியிலே அவர் பெயரில் இன்னொரு கணக்கு உண்டு. அங்கே வங்கி கொடுத்த பணமெல்லாம் கடனாகக் கூடிக்கொண்டே போகும். கட்டணப் பணம் மாணவர் கைக்கு வருவதில்லை. வங்கியிலிருந்து நிறுவனத்துக்கு நேராகச் செல்கின்றது. ஆகவே, நிறுவனத்தின் ஏட்டில் ஓர் இலட்சம் குறையும் அதே நாளில் வங்கியின் ஏட்டில் ஓர் இலட்சம் கூடுகின்றது. கடன் மறையவில்லை, இடம் மாறியிருக்கின்றது.

நெசவாளர் குடும்பத்தார்க்கு இதனை விளக்குதல் கடினமன்று. நூலை ஒருவரிடம் கடனாகப் பெற்று, நெய்த சாறனை வேறொருவரிடம் விற்பவர், சாறன் வாங்கியவரிடம் தமக்குக் கணக்கில்லை என்பதனால் நூற்காரருக்கும் கொடுக்க வேண்டியதில்லை என்று சொல்லமாட்டார். ஆயினும் கல்வி நிறுவனத்திலிருந்து ‘மீதி: 0’ என்று அச்சிட்ட தாள் வந்ததும், படித்தவர்களே ‘கடன் முடிந்தது’ என்று மகிழ்ந்துவிடுகிறார்கள். தொழிற்கணக்கிலே தெளிவாயிருப்பவர்கள் தாளிலுள்ள கணக்கைக் கண்டு ஏன் தடுமாறுகிறார்களோ தெரியவில்லை. அத்தாள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதும் ஒரு காரணமாகலாம்.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்துகொள்வோம். மருதமுனை மாணவி ஒருத்தி கொழும்புப் புறநகரிலுள்ள நிறுவனமொன்றில் நான்காண்டுப் பட்டப்படிப்பிற் சேர்கிறாள். மொத்தக் கட்டணம் 12 இலட்சம் ரூபா. வங்கிக் கடன் 8 இலட்சம்; எஞ்சிய 4 இலட்சத்தைக் குடும்பம் கட்ட வேண்டும். எட்டு அரையாண்டுகளாகப் பிரித்தால், ஒவ்வோர் அரையாண்டுக்கும் கட்டணம் 150,000 ரூபா; அதில் வங்கியின் பங்கு 100,000; குடும்பத்தின் பங்கு 50,000.

ஜனவரியில் அரையாண்டு தொடங்குகின்றது. நிறுவனம் 150,000 ரூபாவைக் கணக்கில் ஏற்றுகின்றது. தகப்பனார் தம் பங்கான 50,000 ரூபாவைக் கட்டிவிடுகிறார். வங்கிப் பணமோ, மாணவி தொடர்ந்து பயில்கிறாள் என்னும் உறுதிப்பாடு முதலிய எழுத்து வேலைகள் முடிந்து, மார்ச்சில் வந்து சேருகின்றது எனக் கொள்வோம். இடையில் பெப்ரவரியில் நிறுவனத்தின் கணினி தானாகவே ஒரு கடிதத்தை அனுப்புகின்றது: ‘உமது கணக்கில் 100,000 ரூபா நிலுவையுண்டு.’

அக்கடிதத்திற் பொய் ஒன்றும் இல்லை. அன்றைய நாளில் நிறுவனத்துக்கு அவ்வளவு பணம் வரவேண்டியிருந்தது உண்மைதான். ஆனால் அதனைத் தருபவர் வங்கி என்பதைக் கணினி எழுதவில்லை. பிள்ளையைப் பரீட்சை எழுத விடமாட்டார்களோ என்று தகப்பனார் கலங்குகிறார். மனைவியின் மாலையை அடகு வைத்து ஓர் இலட்சத்தைக் கட்டிவிடுகிறார். வட்டியில்லாக் கடன் என்று தேடிப் பெற்றவர், ஒரு கடிதத்தின் ஒரு வரியைத் தவறாகப் பொருள் கொண்டமையால் வட்டிக்கு நகை வைத்தவராகிறார். இதைக் காட்டிலும் வருந்தத்தக்க ஒன்று இவ்விடயத்தில் இல்லை; நான் இப்பேச்சை எழுதத் துணிந்ததும் இதன்பொருட்டே.

கதை இன்னும் முடியவில்லை. மார்ச்சில் வங்கிப் பணம் வந்து சேருகின்றது. இப்போது நிறுவனத்துக்கு வரவேண்டியது 150,000; வந்தது 250,000. அடுத்த தாளில் ‘-100,000’ என்று, முன்னே ஒரு சிறு கோட்டுடனோ, இரு பிறை அடைப்புக்குள்ளோ ஒரு தொகை காணப்படும். அக்கோட்டைக் கண்டு இன்னும் ஓர் இலட்சம் கடன் விழுந்துவிட்டது என்று நினைப்போரும் உண்டு. உண்மை அதற்கு நேர்மாறு. மாணவர் கணக்கில் மீதி என்பது பொதுவாக மாணவர் தரவேண்டிய தொகை. அது கழித்தற் குறியுடன் இருப்பின் நிறுவனம் மாணவருக்குத் தரவேண்டிய தொகை. அப்பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். அல்லது அடுத்த அரையாண்டுக்கு வைத்துக்கொள்ளும்படி எழுதிக் கொடுக்கலாம். கேளாதவர்க்கு எந்த நிறுவனமும் தானாக ஓடிவந்து கொடுப்பதில்லை.

இங்கே சொற்களும் நமக்குச் சிறிது தொல்லை தருகின்றன. தமிழ்நாட்டுக் கணக்கு நூல்கள் ‘பற்று’ என்று வழங்குவதனை இலங்கைக் கணக்கீட்டு நூல்கள் ‘வரவு’ என்கின்றன. அவர்கள் ‘வரவு’ என்பதனை நாம் ‘செலவு’ என்கிறோம். வர்த்தகப் பிரிவிற் பயின்ற அண்ணன் ஒரு பொருள் சொல்ல, தமிழகத்து நூலொன்றைப் பார்த்த தம்பி வேறொன்று சொல்லலாம். இருவரும் சரியாகவே சொல்லியிருப்பர். ‘தவணை’ என்பதும் இத்தகையதே. பள்ளிக்கூடத்தார்க்கு அது நான்கு மாதப் படிப்புக் காலம். வங்கியார்க்கு அது மாதந்தோறும் கட்டும் பணம். ஆகையாற் சொல்லைப் பிடித்துக்கொண்டு வாதிடாமல், ‘இத்தொகையை யார் யாருக்குக் கொடுக்க வேண்டும், எந்தத் திகதிக்குள்?’ என்று ஒரே கேள்வியைக் கேட்டுவிடுதல் நலம். பெப்ரவரிக் கடிதம் வந்த அன்று தகப்பனார் இக்கேள்வியைத் தொலைபேசியிற் கேட்டிருப்பின் மாலை வீட்டிலேயே இருந்திருக்கும்.

நிறுவனக் கணக்கிற் கட்டணத்தைத் தவிர வேறு சில வரிகளும் வரும். பதிவுக் கட்டணம், நூலகத்துக்கு மீளத் தரும் வைப்பு, மீள்பரீட்சைக் கட்டணம், தாமதக் கட்டணம் என்பன அவை. இவை பொதுவாகக் கடனுள் அடங்குவன அல்ல. குடும்பமே கட்ட வேண்டும். ஒரு பாடத்தில் தவறி மீண்டும் எழுதும் பிள்ளை அதனை வீட்டுக்குச் சொல்ல வெட்கப்பட்டு மறைப்பதும், கணக்குத் தாளில் அது வெளிப்படுவதும் நடப்பவையே. பெற்றோர் அதனை மன்னித்துவிடலாம். ஆனால் தாமதக் கட்டணம் ஏறுமுன் மன்னிப்பது சிக்கனம்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் பட்டத்தை இங்கிருந்தே வழங்கும் நிறுவனங்களில் இன்னொரு வரி வருவதுண்டு. கட்டணத்தின் ஒரு பகுதி பவுணிலோ டொலரிலோ குறிக்கப்பட்டிருக்கும். அதன் பொருள் என்ன என்பதை 2022 ஆம் ஆண்டு நமக்குக் கற்பித்தது. அவ்வாண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்தது. மே மாதத்தில் 360 ரூபா அளவுக்குச் சென்றது. 500 டொலர் கட்ட வேண்டிய மாணவருக்கு மார்ச்சில் ஓர் இலட்சமாக இருந்த தொகை மேயில் ஓர் இலட்சத்து எண்பதினாயிரமாயிற்று. கடனோ ரூபாவில் எல்லை கட்டப்பட்டது. ரூபா விழுந்தது என்பதற்காக அது நீளாது. இத்தகைய பிரிவுகளிற் சேர்வோர், மொத்தக் கட்டணத்தில் எவ்வளவு அந்நிய நாணயத்தில் என்பதனை எழுத்திற் கேட்டு வாங்குதல் வேண்டும். வாய்மொழியாகச் சொல்லப்படும் ‘ஏறக்குறைய’ என்னும் சொல்லுக்கு எல்லை இல்லை.

இனி வங்கியின் கணக்குக்கு வருவோம். படிப்புக் காலத்தில் இக்கணக்கு அமைதியாகவே இருக்கும். யாரும் பணம் கேட்டு வரமாட்டார்கள். அரையாண்டுக்கு ஓர் இலட்சமாக நான்காண்டில் 8 இலட்சம் சேர்ந்திருக்கும். வாழ்க்கைச் செலவுப் பணமும் பெற்றிருந்தால் மேலும் 3 இலட்சம். இவ்விடத்தில்தான் மகாபொலவை நினைவுகூர்தல் வேண்டும் என்றேன். ஒலுவிலிற் படிக்கும் அக்காவுக்கு மாதந்தோறும் வரும் பணமும், கொழும்பிற் படிக்கும் தங்கைக்கு வங்கியில் விழும் பணமும் வீட்டார் பார்வையில் ஒரே வகையாகத் தோன்றும். இரண்டும் அரசாங்கத்தின் பெயரால் வருவன. இரண்டும் மாணவியின் கணக்கிற் சேர்வன. எனினும் அக்காவின் பணம் கொடை. தங்கையின் பணம் கடன். கொழும்பிலே வாடகை அறைக்கும் உணவுக்கும் அது தேவைப்படுவது உண்மை, தேவைப்படுவோர் பெறட்டும். தேவையற்றோர் ‘வருவதை ஏன் விடுவது’ என்று பெறுதல் தகாது.

படிப்பு முடிந்து ஓராண்டு போல அவகாசம் உண்டு. அதன்பின் மாதக் கட்டுப்பணம் தொடங்கும். எத்தனை மாதங்கள் என்பது கடன் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கும். கணக்கு எளிதாக வரும்பொருட்டு நாம் 80 மாதங்கள் என்று வைத்துக்கொள்வோம். வட்டியில்லாமையால் கணக்கு நேரானது: 8 இலட்சத்தை 80 ஆல் வகுத்தால் மாதம் 10,000 ரூபா. 3 இலட்சமும் பெற்றிருந்தால் 11 இலட்சத்துக்கு மாதம் 13,750 ரூபா. ஒவ்வொரு மாதமும் கட்டிய தொகை அப்படியே முதலிற் கழியும். பன்னிரண்டு மாதம் 10,000 ரூபா கட்டியவருக்கு மீதி 6 இலட்சத்து 80 ஆயிரம். சந்தேகத்துக்கு இடமில்லை.

இதே 8 இலட்சத்தை ஆண்டுக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு வட்டிக்கு, அதே 80 மாதங்களில் தீர்ப்பதாகச் சாதாரண வங்கிக் கடனாக எடுத்திருந்தால் என்னாகும் என்று பார்த்தாலே இத்திட்டத்தின் பெறுமதி விளங்கும். அப்போது மாதக் கட்டுப்பணம் ஏறத்தாழ 14,575 ரூபா. முதல் மாதத்திற் கட்டும் 14,575 ரூபாவில் 8,000 ரூபா வட்டிக்கே போய்விடும். முதலிற் கழிவது 6,575 ரூபா மட்டுமே. ஓராண்டு முழுவதும் கட்டியவர் 174,900 ரூபா கொடுத்திருப்பார். ஆயினும் மீதி 7 இலட்சத்து 16 ஆயிரம் ரூபாவுக்கு மேலே நிற்கும். ‘இவ்வளவு கட்டியும் கடன் குறையவில்லையே, வங்கி ஏமாற்றுகின்றதா?’ என்று பலர் கேட்கும் கேள்வியின் விடை இதுவே. வட்டிக் கடனிலே முதற்காலத்துக் கட்டுப்பணம் பெரும்பாலும் வட்டிக்கும், பிற்காலத்துக் கட்டுப்பணம் பெரும்பாலும் முதலுக்கும் செல்கின்றது. எண்பது மாதமும் முடியும்போது ஏறத்தாழ 3 இலட்சத்து 66 ஆயிரம் ரூபா வட்டியாகப் போயிருக்கும். படிப்புக் காலத்திலும் அவகாச ஆண்டிலும் ஏறும் வட்டி இதிற் சேரவில்லை. அரையாண்டுதோறும் ஓர் இலட்சம் பெற்ற கணக்குக்கு, கூட்டு வட்டி பாராமல் தனிவட்டி மட்டும் பார்த்தாலும், ஐந்தாண்டு முடிவில் 3 இலட்சத்து 12 ஆயிரம் ரூபா ஆகும். வட்டியில்லாத் திட்டத்தில் இவ்விரு சுமைகளையும் அரசாங்கம் ஏற்கின்றது. அதாவது, வரி செலுத்தும் நாம் எல்லோரும் ஏற்கின்றோம்.

இவ்வேறுபாட்டிலிருந்து ஒரு நடைமுறைப் பயனும் உண்டு. வட்டிக் கடனுள்ளவர் கையில் மேலதிகமாகப் பணம் கிடைத்தால் அதனை முதலிற் கட்டிவிடுதல் இலாபம். வரும் மாதங்களின் வட்டி குறையும். வட்டியில்லாக் கடனை முந்திக் கட்டுவதாற் பணத்தில் இலாபம் ஒன்றுமில்லை. மனத்துக்கு ஆறுதல் கிடைக்கும், அவ்வளவே. ஒரே குடும்பத்தில் இருவகைக் கடனும் இருந்தால் முந்தித் தீர்க்க வேண்டியது எதுவென்று இனி நான் சொல்ல வேண்டியதில்லை. அடகிலிருக்கும் மாலையை நினைத்துக்கொள்ளுங்கள்.

மருதமுனை போன்ற முஸ்லிம் ஊர்களில் இத்திட்டம் பற்றி எழும் மற்றொரு வினாவையும் தொட்டுச் செல்லுதல் வேண்டும். வட்டி மார்க்கத்தில் விலக்கப்பட்டது; மாணவர் வட்டி கொடாவிடினும் அரசாங்கம் வங்கிக்கு வட்டி கொடுக்கின்றதே, இதில் நாம் சேரலாமா என்று சிலர் கேட்கின்றனர். இதற்குத் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. உலமாக்களிடம் கேட்க வேண்டியது அது. ஆனால் அவர்களிடம் செல்லும்போது தெளிவான செய்திகளோடு செல்லுதல் வேண்டும். மாணவர் கையொப்பமிடும் ஒப்பந்தத்தில் அவர் செலுத்த ஏற்கும் தொகை எது, தவணை தவறினால் அறவிடப்படும் தொகை ஏதும் உண்டா, உண்டாயின் அது எத்தன்மையது — இவற்றை வங்கியிற் கேட்டு எழுதிச் செல்லுங்கள். கேள்வி தெளிவாயிருந்தாலன்றி விடை தெளிவாயிராது.

இவ்வினா நமக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்திலே பட்டதாரியின் வருமானம் ஒரு குறித்த எல்லையைக் கடக்கும்போது, கடந்த தொகையில் நூற்றுக்கு ஒன்பது வீதம் கல்விக் கடனுக்காகக் கழிக்கப்படுகின்றது. கடனுக்கு வட்டியும் ஏறுகின்றது. முஸ்லிம் மாணவர் தயங்கியமையால், மாற்று வழியொன்றைப் பற்றி அந்நாட்டு அரசாங்கம் 2014 இல் மக்கள் கருத்தைக் கேட்டது. 2017 ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டம் அதற்கு வழியும் செய்தது. நடைமுறையோ ஆண்டுக்கணக்கிற் பின்தங்கிவிட்டது. மலேசியாவில் 1997 இல் அமைந்த உயர்கல்வி நிதியம் தன் கடனை, வட்டிக்குப் பதிலாக ‘உஜ்ரா’ எனப்படும் சேவைக் கூலி முறைக்கு மாற்றி, அக்கூலியை ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்றாக வைத்தது. எனினும் கட்டாமல் விடுவோரின் தொகை அந்நிதியத்துக்குப் பெருந்தலையிடியாகவே இருந்து வந்துள்ளது.

கட்டாமல் விடுதல் என்றதும், நம் நாட்டில் அதன் விளைவு யாது என்று கூறுதல் வேண்டும். 1990 ஆம் ஆண்டின் சட்டமொன்றால் அமைந்த இலங்கைக் கொடுகடன் தகவற் பணியகத்தில், வங்கிக் கடன் பெற்றோர் அதனை எவ்வாறு கட்டுகின்றனர் என்னும் விபரங்கள் பதியப்படுகின்றன. கல்விக் கடனைத் தவறவிட்டவர் பின்னொரு நாள் வீடு கட்டவோ தறி வாங்கவோ வங்கிக்குச் சென்றால் அப்பதிவு அவருக்கு முன்னே சென்று அமர்ந்திருக்கும். பிணை நின்றவர் எவரோ அவரும் தப்பமுடியாது. மாமாவோ பெரியப்பாவோ அன்பினாற் போட்ட கையெழுத்து அது. கட்ட இயலாத நிலை உண்மையாகவே ஏற்படுமாயின், முதலாவது தவணை தவறுமுன் வங்கிக்குச் சென்று நிலைமையை எழுத்திற் கூறுதல் வேண்டும். ஆறு மாதம் ஒளிந்திருந்துவிட்டுச் செல்பவருக்கும், முன்கூட்டிச் செல்பவருக்கும் கிடைக்கும் மரியாதை ஒன்றாயிராது.

படிப்பை இடையில் நிறுத்துவோர் நிலை இன்னும் நுட்பமானது. மூன்று அரையாண்டு படித்துவிட்டு, வீட்டுக் கஷ்டத்தாலோ வெளிநாட்டு வேலை கிடைத்தமையாலோ ஒருவர் நின்றுவிடுகிறார் எனக் கொள்வோம். பட்டம் இல்லை, ஆனால் வங்கி கொடுத்த 3 இலட்சம் ரூபா கடனாகவே இருக்கும். நின்றதை நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவிக்காவிட்டால் நான்காவது அரையாண்டின் கட்டணமும் கணக்கில் ஏறிவிடலாம். விலகும் கடிதமும், அதைப் பெற்றுக்கொண்டதற்கான சான்றும், அந்நாளைய கணக்குத் தாளும் கையில் இருத்தல் அவசியம். வளைகுடா நாட்டுக்கு விமானம் ஏறும் அவசரத்தில் இதனை மறந்துவிடுகிறார்கள். பின்னர் வரும் கடிதங்களுக்கு விடைகூற வேண்டியவர் ஊரிலுள்ள தாயார்.

இவ்வளவு கணக்குப் பார்த்து ஒரு பிள்ளையைப் படிப்பிக்க வேண்டுமா என்று நேயர்கள் சலித்துக்கொள்ளக்கூடும். இதே கல்முனைப் பகுதியில் எண்பது ஆண்டுகளுக்கு முன்னிருந்த நிலையைச் சற்று எண்ணிப் பார்க்கலாம். இரண்டாம் உலக யுத்தக் காலத்தில், 1942 இல், உணவு உற்பத்தியைப் பெருக்கும்பொருட்டு உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு அனுப்பப்பட்டவர் ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்கள். யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையிற் பிறந்து, இலங்கைச் சிவில் சேவையிற் சேர்ந்த முதல் முஸ்லிம் அவர். நெல் விளைவிக்கச் செய்ய வந்தவர், திறமையிருந்தும் வறுமையினால் மேற்படிப்புக்குச் செல்ல முடியாத பிள்ளைகளை இங்கே கண்டார். கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம் அக்காலத்தில் அவர் முயற்சியால் எழுந்தது. அங்கே முளைத்த எண்ணமே 1945 இற் கொழும்பில் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியாக வளர்ந்தது. இலவசக் கல்வி வந்த அதே ஆண்டு அது. கட்டணம் இல்லையென்றாலும் உணவுக்கும் விடுதிக்கும் நூலுக்கும் பணம் வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார். 1948 முதல் 1961 வரை கொழும்பு ஸாஹிராக் கல்லூரி அதிபராக இருந்து அவர் ஆற்றிய பணி நாடறிந்தது.

அக்காலத்து உதவியில் கொடுப்பவரும் பெறுபவரும் ஒருவரையொருவர் அறிந்திருக்க வாய்ப்பு இருந்தது. ஊரிலே பெரியவரொருவர், ‘தம்பி, படிப்பு எந்த மட்டில்?’ என்று கேட்பார்; கணக்குத் தாள் வேண்டியதில்லை. இன்று கொடுப்பவர் அரசாங்கம், இடையில் வங்கி, அப்பால் நிறுவனம், எல்லாவற்றையும் இணைப்பது ஓர் இலக்கம். உதவி பரந்துவிட்டது, அதனால் முகம் மறைந்துவிட்டது. இதனைக் குறையாகச் சொல்லவில்லை. அஸீஸ் அவர்கள் காலத்தில் ஒரு சிலர்க்கே எட்டிய வாய்ப்பு இன்று ஊருக்குப் பலர்க்கு எட்டுகின்றது. ஆனால் முகம் பார்த்துக் கேட்டறிந்தவற்றை இன்று தாள் பார்த்துக் கேட்டறிய வேண்டியிருக்கின்றது.

அதற்கு வீட்டில் மூன்றாவது ஏடு ஒன்று வேண்டும். நிறுவனத்தின் ஏடும் வங்கியின் ஏடும் அவர்கள் கையில் இருக்கின்றன. நமது ஏடு நம் கையில் இருத்தல் வேண்டும். நாற்பது பக்க அப்பியாசக் கொப்பி ஒன்று போதும். இடப்பக்கத்தில் நிறுவனம், வலப்பக்கத்தில் வங்கி. குடும்பம் கட்டிய பணத்தை இடப்பக்கத்தில் மட்டும் எழுதுங்கள். வங்கி நிறுவனத்துக்கு அனுப்பிய பணத்தை இருபக்கத்திலும் எழுதுங்கள்: இடப்பக்கத்திற் கழித்தலாக, வலப்பக்கத்திற் கூட்டலாக. மாணவிக்கு நேரே வந்த வாழ்க்கைச் செலவுப் பணத்தை வலப்பக்கத்தில் மட்டும் எழுதுங்கள். பற்றுச்சீட்டுகளைப் பின்னட்டையில் ஓர் உறையிலிட்டு வையுங்கள். அரையாண்டு முடிவில் பிள்ளை விடுமுறைக்கு வரும்போது நிறுவனத்தின் தாளைக் கொண்டுவரச் செய்து இடப்பக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நூறு ரூபா வேறுபட்டாலும் காரணம் கேளுங்கள். வங்கியிடமும் ஆண்டுக்கொரு முறை மீதிச் சான்று கேட்கலாம். அது வலப்பக்கத்தோடு ஒத்துவர வேண்டும். இரவு உணவுக்குப்பின் அரைமணி நேர வேலை. பிள்ளையே எழுதினால் இன்னும் நல்லது.

கடைசித் தவணையைக் கட்டிய அன்றும் ஒரு வேலை எஞ்சியிருக்கும். கடன் முற்றாகத் தீர்ந்தது என்னும் கடிதத்தை வங்கியிடமிருந்து தலைப்புத் தாளில், திகதியும் ஒப்பமும் இட்டுப் பெறுதல் வேண்டும். பிணை நின்றவருக்கு அதன் பிரதியொன்றைக் கொண்டுபோய்க் கொடுங்கள்.